கையெழுத்தில்லாத கை

1957 ஜூன் 24 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 14 சிறு புத்தகங்களை அழிக்கச் சொன்ன ஆணை செல்லும் என்று தீர்ப்பளித்தது. நியூயார்க்கில் விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்த அந்தப் புத்தகங்களின் பொதுத் தலைப்பு 'நைட்ஸ் ஆஃப் ஹாரர்'. சட்ட வரலாற்றில் அந்த வழக்கின் பெயர் 'கிங்ஸ்லி புக்ஸ் எதிர் பிரவுன்'. ஆபாசம் என்று கருதும் ஒரு நூலை அரசு தடையாணை பெற்று நிறுத்தலாமா, அதை முடிவு செய்ய வேண்டியது நீதிபதியா நடுவர் குழுவா என்ற கேள்விகளில் ஒன்பது நீதிபதிகளும் ஒத்துப்போகவில்லை. 5 பேர் ஒரு பக்கம், 4 பேர் மறுபக்கம். தீர்ப்பில் விற்றவர்கள் இருக்கிறார்கள், வழக்குத் தொடுத்த மாநகரச் சட்ட அதிகாரி இருக்கிறார், நியூயார்க் சட்டத்தின் பிரிவு எண்கூட இருக்கிறது. படம் வரைந்தவர் இல்லை. யாரும் அவரைத் தேடவில்லை.

அந்த ஓவியர் ஜோ ஷூஸ்டர். ஜெர்ரி சீகலுடன் சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கியவர்.

இது பரவலாகத் தெரிய வந்தது 2009இல்தான். காமிக்ஸ் வரலாற்றாசிரியர் கிரெய்க் யோ பழைய புத்தக விற்பனை ஒன்றில் தற்செயலாகப் பார்த்த ஒரு இதழிலிருந்து தொடங்கி, தேடிச் சேர்த்த படங்களைத் தொகுத்து 'சீக்ரெட் ஐடென்டிட்டி' என்ற நூலாக வெளியிட்டார். முன்னுரை எழுதியவர் காமிக்ஸ் எழுத்தாளர் ஸ்டான் லீ. நூல் வந்ததும் செய்தித்தாள்களுக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது: சூப்பர்மேனின் தந்தை ஒளித்துவைத்த இருட்டு. அன்று எழுந்த பரபரப்பில் இந்தப் படங்கள் ஒரு மனிதனின் அந்தரங்க விகாரமாகவே படிக்கப்பட்டன. எனக்கு அந்த வாசிப்பில் நம்பிக்கையில்லை. இவற்றை ஷூஸ்டரின் மனநோய்க் குறிப்பேடாகப் படிப்பதைவிட அவருடைய தொழிற் குறிப்பேடாகப் படிப்பது பொருத்தம். அப்படிப் படித்தால் காமிக்ஸ் தொழில் தன் தொழிலாளிகளை நடத்திய விதமும், அந்தத் தொழிலை ஒழுக்கத்தின் பேரில் தாக்கியவர்கள் எதைப் பார்க்கத் தவறினார்கள் என்பதும் தெரிய வருகின்றன.

முதலில், அடையாளம் காண்பது பற்றி. இந்தப் படங்கள் எதிலும் கையொப்பம் கிடையாது. ஆகவே இங்கே பேசும் சான்று பாணிச் சான்றுதான். 19ஆம் நூற்றாண்டில் ஜோவன்னி மொரெல்லி என்ற இத்தாலியர் ஓவியங்களின் கர்த்தாவைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொன்னார். ஓவியன் கவனம் குவித்து வரைந்த முகபாவத்தையோ அமைப்பையோ நம்பக் கூடாது; அவற்றை யாரும் நகலெடுக்கலாம். காது மடல், விரல் நகம் போன்ற, கை தன்போக்கில் போட்டுவிட்டுப் போகும் இடங்களைப் பார்க்க வேண்டும் என்றார். ஷூஸ்டரின் கைக்கு அப்படிப்பட்ட வழக்கங்கள் நிறைய. கண்களைக் கோடுபோலச் சுருக்கிவிடுவார். 1938இன் சூப்பர்மேனுக்குக் கண்மணி பெரும்பாலும் தெரியாது. சதுரத் தாடை, அகன்ற தோள். பெண்களுக்கு ஒரே வளைவான புருவம், ஒரே அலையான தலைமுடி. 'நைட்ஸ் ஆஃப் ஹாரர்' இதழ்களைப் புரட்டுகிறவர் சூப்பர்மேனின் உடையையோ மார்பிலுள்ள எழுத்தையோ எங்கும் பார்க்க முடியாது. ஆனால் அந்த ஆணும் அந்தப் பெண்ணும் யார் என்பதில் ஐயமே வராது. சூப்பர்மேனின் மறுவேடமான கிளார்க் கென்ட்டும் அவன் காதலி லோயிஸ் லேனும் வேறு பெயரில் நடமாடுகிறார்கள். மொட்டைத் தலை வில்லன் லெக்ஸ் லூதர், இளைஞன் ஜிம்மி ஓல்சன் ஆகியோரின் சாயலும் உண்டு. காமிக்ஸ் ஆய்வாளர்கள் யோவின் முடிவைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். படங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏற்காமல் இருப்பதுதான் சிரமம்.

ஷூஸ்டர் 1914இல் டொராண்டோவில் பிறந்தார். அப்பா தையல்காரர். ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பம். சிறுவனாக 'டொராண்டோ டெய்லி ஸ்டார்' நாளிதழைத் தெருவில் விற்றார். கிளார்க் கென்ட் முதலில் வேலை பார்த்த பத்திரிகைக்கு 'டெய்லி ஸ்டார்' என்ற பெயர் வந்தது அதனால்தான். 10 வயதுவாக்கில் குடும்பம் ஒஹாயோவின் கிளீவ்லாந்துக்கு இடம்பெயர்ந்தது. கிளென்வில் உயர்நிலைப் பள்ளியில் சீகலைச் சந்தித்தார். வாங்கக் காகிதம் இல்லாததால் கிடைத்த சுவர்க் காகிதத்தின் பின்புறத்திலும் கசாப்புக்கடைத் தாளிலும் வரைந்தார். அம்மா ரொட்டிக்கு மாவு பிசையும் பலகைதான் அவருக்கு வரைபலகை. வீட்டில் வெப்பமூட்டும் வசதி இல்லாத குளிர் நாட்களில் கையுறை போட்டுக்கொண்டு வரைந்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பார்வை இளமையிலேயே மோசம்.

1938 மார்ச் 1 தேதியிட்ட காசோலை ஒன்று இருக்கிறது. தொகை 412 டாலர். அதில் 130 டாலர் சூப்பர்மேன் கதையின் 13 பக்கங்களுக்கு, பக்கத்துக்கு 10 டாலர் வீதம். அந்தத் தொகையோடு சூப்பர்மேன் என்ற பாத்திரத்தின் எல்லா உரிமைகளும் பதிப்பாளருக்குப் போயின. காசோலையில் இரண்டு பேரின் பெயர்களையும் தப்பாக எழுதியிருந்தார்கள். அதனால் பின்புறத்தில் இருவரும் தப்பான எழுத்தில் ஒரு முறையும் சரியான எழுத்தில் ஒரு முறையும் ஒப்பமிட வேண்டியிருந்தது. 2012இல் அந்தக் காசோலை ஏலத்தில் 1,60,000 டாலருக்குப் போயிற்று. அதில் சொல்லப்பட்ட கதை முதலில் அச்சான 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் நல்ல பிரதி ஒன்று 2024இல் 60 லட்சம் டாலருக்கு விற்றது.

இங்கே ஒரு திருத்தம் தேவை. ஏமாற்றப்பட்ட ஏழைகள் என்று இவர்கள் கதையை ஒரே மூச்சில் சொல்லும் பழக்கம் இருக்கிறது. 1940களின் தொடக்கத்தில் இருவரும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 75,000 டாலர் ஈட்டினார்கள். அன்றைக்கு அது பெரும் பணம். கிளீவ்லாந்தில் சொந்த ஸ்டூடியோ வைத்தார்கள். ஷூஸ்டரின் கண் ஒத்துழைக்காத பக்கங்களை வேன் போரிங், ஜான் சிகேலா, பால் காசிடி, லியோ நோவாக் போன்ற உதவி ஓவியர்கள் முடித்துக் கொடுத்தார்கள். அவர்களுக்கான சம்பளம் இந்த வருமானத்திலிருந்துதான். சிக்கல் பணத்தின் அளவில் இல்லை. அந்தப் பணம் பங்காக வராமல் கூலியாக வந்ததுதான் சிக்கல். பாத்திரம் வளர்ந்தால் கூலி வளரும் என்ற உத்தரவாதம் எதுவும் கிடையாது. கூலி கொடுக்கிறவர் நாளைக்கே நிறுத்திவிடலாம்.

நிறுத்தவும் செய்தார். 1947இல் இருவரும் பதிப்பாளரான நேஷனல் காமிக்ஸ் மீது வழக்குத் தொடுத்தார்கள். சூப்பர்மேனைத் திருப்பித் தர வேண்டும், 50 லட்சம் டாலர் இழப்பீடு வேண்டும் என்று. 1948இல் சூப்பர்மேன் நிறுவனத்துக்கே சொந்தம் என்று நீதிமன்றம் சொன்னது. சூப்பர்மேனின் சிறுவயதுப் பாத்திரமான சூப்பர்பாய் விஷயத்தில் மட்டும் சீகல் பக்கம் நியாயம் இருப்பதாகக் கண்டது. சுமார் 94,000 டாலருக்குச் சமரசம் ஆயிற்று. அதில் கணிசமான பகுதி வழக்குச் செலவுக்கே போனது. அதன் பிறகு சூப்பர்மேன் பக்கங்களிலிருந்து இருவரின் பெயர்களும் நீக்கப்பட்டன. இருவரும் சேர்ந்து தொடங்கிய 'ஃபன்னிமேன்' என்ற நகைச்சுவைக் காமிக்ஸ் 6 இதழ்களோடு நின்றது. ஷூஸ்டருக்கு வயது 34. பத்து வருடம் ஒரே முகத்தை வரைந்தவர். அந்த முகத்தை இனி வரைய அவருக்கு உரிமையில்லை. வேறு முகத்துக்கு வாங்குபவர் இல்லை.

இந்த இடத்தில்தான் 1954 வருகிறது. டைம்ஸ் சதுக்கத்தைச் சுற்றியிருந்த சிறு புத்தகக் கடைகளில் மேசைக்கு மேலே ஒரு வியாபாரம், கீழே ஒரு வியாபாரம். கீழே இருந்தது நம் ஊரில் மஞ்சள் புத்தகம் என்போமே, அந்த வகை. மெல்லிய தாள், மட்டமான அச்சு, கதாசிரியருக்குப் புனைபெயர், வெளியீட்டாளருக்கு யாரும் கேள்விப்படாத ஒரு நிறுவனப் பெயர். 'நைட்ஸ் ஆஃப் ஹாரர்' 16 இதழ்கள் வந்தன. சாதாரணக் காமிக்ஸ் 10 சென்ட் விற்ற காலத்தில் இவற்றின் விலை பல மடங்கு. கதைக்கு நடுவே கறுப்பு வெள்ளைப் படங்கள். அந்தப் படங்கள்தான் ஷூஸ்டரின் வேலை.

படங்களில் இருப்பது என்ன என்பதை மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும். உடலுறவைக் காட்டுவதைவிட வதையைக் காட்டுவதே இவற்றின் நோக்கம். கட்டிப்போடுதல், சாட்டை, மண்டியிடச் செய்தல். அடிப்பவர்களில் ஆண்களும் உண்டு, பெண்களும் உண்டு. அடி வாங்குகிறவர்களிலும் அப்படியே. ஆனால் கணக்கு சமமாக இருப்பதாகச் சொல்லிவிட முடியாது. உள்ளாடையோடு கட்டுண்டு நிற்கும் பெண்ணின் உடல்தான் இந்த இதழ்களின் விற்பனைப் பொருள். சூப்பர்மேனை உண்டாக்கிய கை என்பதற்காக இவற்றைக் கலைப் பொக்கிஷமாக்கத் துடிக்கும் ரசிகர்களைப் பார்த்தால் எனக்குச் சற்று எரிச்சல் வருகிறது. கோடுகளில் திறமை இருக்கிறது, அவசரமும் இருக்கிறது. பின்னணி பல படங்களில் ஏனோதானோ. கூலிக்கு வரைந்த வேலையில் இருக்க வேண்டிய எல்லாமே இருக்கின்றன.

பழிவாங்கல் என்ற விளக்கம் எல்லோருக்கும் பிடித்தமானது. தன்னிடமிருந்து பிடுங்கிய நாயகனைச் சாட்டையடி வாங்க வைத்து ஷூஸ்டர் ஆறுதல் தேடினார் என்பார்கள். கதையாகக் கேட்க நன்றாக இருக்கிறது. அதற்கு ஆதாரம் படங்களில் இல்லை. வதைபடுகிறவர் கென்ட் சாயலில் இருக்கும் அளவுக்கு வதைக்கிறவரும் அதே சாயலில் இருக்கிறார். பழிவாங்குகிறவர் இப்படிப் பாத்திரங்களை மாற்றி மாற்றி வைத்திருக்க மாட்டார். ஷூஸ்டரிடம் இருந்தது நாலைந்து முகங்கள். ஒரு அழகன், ஒரு அழகி, ஒரு மொட்டை வில்லன், ஒரு சிறுவன். கேட்ட கதைக்கு அந்த நாலைந்து பேரையே மறுபடியும் வேலைக்கு எடுத்துக்கொண்டார். பத்து வருடம் ஒரே வார்ப்பில் பழகிய கை வேறு என்ன செய்யும்?

வேறொரு விஷயம் இதைவிட யோசிக்கத் தக்கது. 1920களிலிருந்தே அமெரிக்காவில் 'டிஹுவானா பைபிள்' என்று கேலியாக அழைக்கப்பட்ட எட்டுப் பக்கப் புத்தகங்கள் கள்ளத்தனமாக விற்றுவந்தன. பிரபல காமிக்ஸ் நாயகர்களையும் சினிமா நடிகர்களையும் படுக்கையறையில் காட்டும் கேலிப்படங்கள் அவை. வரைந்தவர்கள் பிறர் படைப்பைத் திருடினார்கள். ஷூஸ்டர் விஷயத்தில் சட்டப்படி பார்த்தால் அவரும் பிறர் சொத்தைத்தான் எடுத்தாண்டார். அந்தச் சொத்து அவர் கையிலிருந்து பிறந்தது என்பதுதான் வேறுபாடு. நேஷனல் காமிக்ஸ் இந்தச் சாயல் விஷயத்தில் எவ்வளவு கறார் என்பதற்கு ஒரு உதாரணம்: ஃபாசெட் நிறுவனத்தின் கேப்டன் மார்வெல் சூப்பர்மேனைப் போல இருக்கிறான் என்று 1941இல் வழக்குப் போட்டு, 12 வருடம் இழுத்து, 1953இல் அந்தப் பாத்திரத்தை நிறுத்த வைத்து 4 லட்சம் டாலரும் வாங்கியது. அதற்கு முன் 1939இல் வில் ஐஸ்னர் வரைந்த 'வொண்டர் மேன்' ஒரே இதழோடு முடிந்ததும் இவர்கள் வழக்கால்தான். இவ்வளவு விழிப்பாக இருந்தவர்களின் அலுவலகங்கள் இருந்த அதே மன்ஹாட்டனில், கேப்டன் மார்வெல் ஒழிந்த மறு ஆண்டில், சூப்பர்மேனின் அசல் முகம் மேசைக்கடியில் விற்றுக்கொண்டிருந்தது. சந்தேகம்கூட எழவில்லை. கண்ணியமான உலகம் கீழே குனிந்து பார்ப்பதில்லை என்பது ஷூஸ்டருக்குப் பாதுகாப்பாக அமைந்தது.

லோயிஸ் லேனின் முகம் பற்றியும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இந்த விவாதங்களில் யாரும் நிற்காத இடம் இது. 1930களின் நடுவில், பொருளாதார மந்தக் காலத்தில், கிளீவ்லாந்தில் ஒரு பதின்வயதுப் பெண் தான் மாடலாக வேலை செய்யத் தயார் என்று செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தார். அவரை வரவழைத்து உட்காரவைத்து ஷூஸ்டர் வரைந்ததில் லோயிஸ் லேன் உருப்பெற்றாள். மாடலாகத் தனக்கு ஜோன் கார்ட்டர் என்று பெயர் வைத்துக்கொண்ட அந்தப் பெண் 1948இல் ஜெர்ரி சீகலை மணந்தார். அதாவது 1954இல் கட்டுண்டு நிற்கும் அந்த முகத்தின் மூலம் நண்பனின் மனைவி. ஷூஸ்டர் இதை நினைத்துப் பார்த்து வரைந்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. அதற்குள் லோயிஸ் முகம் எந்த மனுஷியின் முகமாகவும் இல்லாமல் ஒரு வார்ப்பாகிவிட்டது. ஆனால் படைப்பாளியின் உரிமை, பதிப்பாளரின் உரிமை என்று நாம் தராசு பிடிக்கும்போது மூன்றாவது ஒருத்தி இருப்பது மறந்துபோகிறது. மணிக்கணக்கில் அசையாமல் இருந்து அந்த முகத்தைக் கொடுத்தவருக்கு மாடலுக்கான சில்லறைக் கூலிக்கு மேல் அந்த முகத்தில் எந்தப் பாத்தியதையும் இல்லை. சீகல் குடும்பத்தின் உரிமைப் போராட்டத்தைப் பிற்காலத்தில் முன்னின்று நடத்தியவரும் அவர்தான். 2011இல் காலமானார், யோவின் நூல் வந்தபோது உயிரோடிருந்தார்.

1954 ஆகஸ்டில் புரூக்ளினில் 15 வயதிலிருந்து 18 வயதுக்குள் இருந்த நான்கு பையன்கள் பிடிபட்டார்கள். இரவில் பூங்காக்களில் படுத்திருந்த வீடற்றவர்களை அடித்துத் துன்புறுத்தியதாகக் குற்றச்சாட்டு. இரண்டு பேர் இறந்திருந்தார்கள். ஒருவரை ஆற்றில் தள்ளியிருந்தார்கள். பூங்காவில் இளம்பெண்களைச் சாட்டையால் அடித்ததும் தெரிய வந்தது. நல்ல குடும்பத்துப் பையன்கள். பணத்துக்காகவும் செய்யவில்லை. நியூயார்க் நகரமே காரணம் தேடித் தவித்தது. காரணம் சொல்ல ஒருவர் தயாராக இருந்தார்.

மனநல மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்தாம். அந்த ஆண்டு ஏப்ரலில்தான் அவருடைய 'செடக்ஷன் ஆஃப் தி இன்னொசன்ட்' வெளிவந்து, காமிக்ஸ் குழந்தைகளைக் குற்றத்துக்குப் பழக்குகிறது என்ற வாதம் நாடெங்கும் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. அதே மாதம் செனட் துணைக்குழு நியூயார்க்கில் நடத்திய விசாரணையிலும் சாட்சி சொன்னார். வெர்தாமைக் கோமாளியாகச் சித்திரிப்பது காமிக்ஸ் ரசிகர்களின் வழக்கம். அது நியாயமல்ல. ஹார்லெமில் கறுப்பின மக்களுக்காகக் கிட்டத்தட்ட இலவசமான மனநல மருத்துவமனையை 1946இல் தொடங்கி நடத்தியவர். பள்ளிகளில் இனப்பிரிவினை குழந்தைகளின் மனதைக் காயப்படுத்துகிறது என்று அவர் அளித்த சாட்சியம் பள்ளி இனப்பிரிவினை பற்றிய 'பிரவுன் எதிர் கல்வி வாரியம்' வழக்கு (இந்தப் பிரவுன் வேறு) வரை போன வழக்குகளில் பயன்பட்டது. ஆனால் காமிக்ஸ் விஷயத்தில் அவர் தன் குறிப்புகளோடு நேர்மையாக நடந்துகொள்ளவில்லை. அவருடைய ஆவணங்கள் 2010இல் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்ட பிறகு கரோல் டில்லி அவற்றைப் படித்து, சிறுவர்களின் வாக்குமூலங்களை வெர்தாம் வெட்டியும் ஒட்டியும் மாற்றியும் பயன்படுத்தியதை 2012இல் எடுத்துக் காட்டினார்.

புரூக்ளின் பையன்களில் மூத்தவனை வெர்தாம் சந்தித்துப் பேசினார். அவன் படித்தவற்றில் 'நைட்ஸ் ஆஃப் ஹாரர்' இருந்தது. குற்றத்துக்கும் இதழின் படங்களுக்கும் உள்ள ஒற்றுமையை வெர்தாம் அடுக்கிக் காட்டினார். செய்தித்தாள்களுக்கு வேறென்ன வேண்டும்? 1954 செப்டம்பரில் நகர நிர்வாகம் விற்பனையாளர்கள் மீது வழக்குத் தொடுத்தது. உச்ச நீதிமன்றம் வரை போனது அந்த வழக்குதான்.

சூப்பர்மேன் காமிக்ஸையும் வெர்தாம் விட்டுவைத்திருக்கவில்லை. தனக்கு அடிபடாது என்ற நிச்சயத்தோடு பிறர் அடிபடுவதைப் பார்த்து மகிழும் மனநிலையை அது சிறுவர்களுக்குள் வளர்க்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு. ஒரு கையில் சூப்பர்மேன், மறு கையில் 'நைட்ஸ் ஆஃப் ஹாரர்'. இரண்டையும் கண்டித்தவர் இரண்டும் ஒரே கையிலிருந்து வந்தவை என்பதை அறியவில்லை. அறிந்திருந்தால் அவருடைய வாதத்துக்கு அது மகுடமாக அமைந்திருக்கும். சூப்பர்மேன் தப்பியிருப்பானா என்பதும் ஐயமே. ஆனால் தெரியாமல் போனது வெறும் தற்செயல் என்றும் சொல்ல முடியாது. படம் வாசகனை என்ன செய்கிறது என்பதைத்தான் வெர்தாம் கேட்டுக்கொண்டிருந்தார். இந்தப் படத்தை வரைந்தவன் யார், அவனுக்கு இதற்கு என்ன கிடைத்தது, ஏன் இதை வரையும் நிலைக்கு வந்தான் என்ற திசையில் அவர் கேள்விகள் போகவேயில்லை. கேட்டிருந்தால் விடை நேராக நேஷனல் காமிக்ஸின் கணக்குப் புத்தகத்துக்குப் போயிருக்கும்.

காமிக்ஸ் தொழில் பயந்துபோய் 1954 அக்டோபரில் தனக்குத்தானே ஒரு தணிக்கை விதித்தொகுப்பை எழுதிக்கொண்டது. வதைக் காட்சி கூடாது, பெண்களின் உடலை மிகைப்படுத்தக் கூடாது என்று விதிகள் நீண்டன. மாஜிஸ்திரேட்டாக இருந்த சார்ல்ஸ் மர்ஃபி அதை அமல்படுத்திய அமைப்பின் தலைவர். அட்டையில் முத்திரை இல்லாவிட்டால் விநியோகஸ்தர்கள் இதழைத் தொட மாட்டார்கள். 2011 வரை ஏதோ ஒரு வடிவில் அந்த முத்திரை நீடித்தது. கவனிக்க வேண்டியது, அந்தத் தொகுப்பில் பாத்திரங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. ஓவியர்களைப் பதிப்பாளர்கள் எப்படி நடத்த வேண்டும் என்று ஒரு வரியும் இல்லை.

வழக்கின் சட்டப் பகுதி சுருக்கமாக. 1941இல் கொண்டுவந்த நியூயார்க் சட்டத்தின் 22ஏ பிரிவின்படி, ஆபாசம் என்று கருதப்படும் நூலுக்கு எதிராக நகர நிர்வாகம் தடையாணை கேட்கலாம். கீழ் நீதிமன்றம் 14 இதழ்களையும் படித்து, ஆபாசம் என்று கண்டு, விற்கத் தடை விதித்து, அழிக்கவும் உத்தரவிட்டது. இனிமேல் வரப்போகும் இதழ்களையும் சேர்த்துத் தடுக்க வேண்டும் என்ற கோரிக்கையை மட்டும் ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றத்தில் விற்பனையாளர்கள் புத்தகங்கள் ஆபாசமானவை அல்ல என்று வாதிடவில்லை. நடைமுறையை மட்டும் எதிர்த்தார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை நீதிபதி ஃபிராங்ஃபர்ட்டர் எழுதினார். தலைமை நீதிபதி வாரன் மறுத்தார்: மனிதனின் நடத்தையை விசாரிக்க வேண்டிய சட்டம் இங்கே நூலைக் கூண்டில் ஏற்றுகிறது, இது புத்தக எரிப்பின் வாடை வீசுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். டக்ளஸ், பிளாக் இருவரும் இத்தகைய தடையே செல்லாது என்றார்கள். பிரென்னன் நடுவர் குழு வேண்டும் என்றார். அதே நாளில் ராத் வழக்கில், ஆபாசத்துக்கு அரசியல் சட்டப் பாதுகாப்பு இல்லை என்ற புகழ்பெற்ற தீர்ப்பை எழுதியவரும் அதே பிரென்னன்தான். வாரனின் வாதம் இந்த வழக்கில் அவருக்கே தெரியாத விதத்தில் உண்மையாயிற்று. நூல் தண்டிக்கப்பட்டது, அதன் பின்னால் இருந்த மனிதன், குற்றவாளியாகவும் சரி பாதிக்கப்பட்டவனாகவும் சரி, விசாரணைக்குள் வரவே இல்லை. பிரதிகள் அழிக்கப்பட்டதால்தான் இந்த இதழ்கள் அரை நூற்றாண்டு காணாமல் போயின. சட்டமே ஷூஸ்டரின் ரகசியத்தைக் காத்துக் கொடுத்தது என்றுகூடச் சொல்லலாம்.

காமிக்ஸ் உலகில் இப்படி மறைவான படங்கள் ஷூஸ்டரோடு முடிவதில்லை. ஸ்டான் லீயுடன் சேர்ந்து ஸ்பைடர்மேனை உருவாக்கிய ஸ்டீவ் டிட்கோ 1958 முதல் சுமார் பத்தாண்டுகள் மன்ஹாட்டனில் எரிக் ஸ்டான்டனோடு ஒரே ஸ்டூடியோவைப் பகிர்ந்துகொண்டார். ஸ்டான்டன் கட்டுண்ட பெண்களை வரைவதையே தொழிலாகக் கொண்டவர். தன் படங்கள் சிலவற்றுக்கு டிட்கோ மை தீட்டியதாக ஸ்டான்டன் சொன்னார், டிட்கோ ஒப்புக்கொண்டதில்லை. ஸ்டான்டன் பக்கங்கள் சிலவற்றில் அந்தத் தூரிகையை அடையாளம் காண்பவர்கள் இருக்கிறார்கள். மொரெல்லி முறை மறுபடியும். ஜப்பானில் மாங்கா ஓவியர் ஒசாமு தெசுகா 1989இல் இறந்தபின் பூட்டியபடியே கிடந்த மேசை இழுப்பறையை 2014இல் திறந்தபோது, பெண்ணுருவம் கொண்ட எலியின் காமச் சித்திரங்கள் உள்ளே இருந்தன. மகள் ருமிகோ தயங்காமல் அவற்றை வெளியிட்டார். தெசுகாவின் படங்கள் தனக்காக வரைந்து தான் பூட்டிவைத்தவை. அவற்றை அந்தரங்கம் என்று அழைப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஷூஸ்டர் தன் படங்களைப் பூட்டி வைக்கவில்லை, விற்றார். தெசுகாவின் இழுப்பறைக்கும் டைம்ஸ் சதுக்கத்தின் மேசைக்கடிக்கும் ஒரே விளக்கத்தைக் கொடுப்பவர்கள் இரண்டையும் தவறாகப் படிக்கிறார்கள்.

1954க்குப் பிறகு ஷூஸ்டரின் வாழ்க்கை இறங்குமுகம். கண் மேலும் மங்கியது. பார்சல் கொண்டு கொடுக்கும் வேலையும் பார்த்தார். சீகல் 1959இல் நேஷனல் காமிக்ஸுக்கே திரும்பிப் பெயரில்லாமல் சூப்பர்மேன் கதைகள் எழுதினார். வரைவதற்குக் கண் வேண்டுமே, ஷூஸ்டருக்கு அந்த வழியும் இல்லை. 1975இல் சூப்பர்மேன் திரைப்படத்துக்குப் பெரும் பணம் செலவாகப் போகிறது என்ற செய்தி வந்ததும் சீகல் பொறுக்காமல் பத்திரிகைகளுக்கு நீண்ட கடிதம் எழுதினார். ஓவியர்கள் நீல் ஆடம்ஸும் ஜெர்ரி ராபின்சனும் துணைக்கு வந்தார்கள். குவீன்ஸில் ஏறக்குறைய பார்வையற்ற நிலையில் வாழும் சூப்பர்மேனின் தந்தை என்ற செய்தி அமெரிக்காவை உலுக்கியது. அந்த டிசம்பரில், அதற்குள் நேஷனல் காமிக்ஸின் உரிமையாளராகியிருந்த வார்னர் நிறுவனம் இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலரும் மருத்துவ உதவியும் தர ஒப்புக்கொண்டது. 1940களில் நீக்கப்பட்ட பெயர்கள் மறுபடியும் சூப்பர்மேன் பக்கங்களில் ஏறின.

அந்த ஏற்பாட்டுக்குச் சட்டக் கட்டாயம் எதுவும் இருக்கவில்லை. வழக்குகள் எல்லாம் தோற்றிருந்தன. இருவரிடமும் மிஞ்சியிருந்த ஒரே ஆயுதம் பொதுமக்களின் இரக்கம். இரக்கம் களங்கமில்லாத முதியவர்களுக்குத்தான் கிடைக்கும். 'நைட்ஸ் ஆஃப் ஹாரர்' இதழ் ஒன்று அந்த நவம்பரில் யாராவது நிருபர் கையில் கிடைத்திருந்தால், குழந்தைகளின் நாயகனை விற்கும் நிறுவனம் பேச்சுவார்த்தை மேசையிலிருந்து எழுந்து போக அதுவே போதுமான சாக்காகியிருக்கும் என்று நினைக்கிறேன். அந்த இதழ்களை வரைய வேண்டிய நிலையை உண்டாக்கியதே 1948இன் சமரசம்தான் என்று அப்போது யாரும் வாதாடியிருக்க மாட்டார்கள்.

ஷூஸ்டர் 1992 ஜூலை 30 அன்று லாஸ் ஏஞ்சலஸில் இறந்தார். அதே ஆண்டு அவருடைய சகோதரி, நிறுவனம் உயர்த்தித் தந்த ஆண்டுக்கு 25,000 டாலர் ஓய்வூதியத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். பல ஆண்டுகள் கழித்து ஷூஸ்டரின் வாரிசுகள் சூப்பர்மேன் பதிப்புரிமையில் தங்கள் பங்கைத் திரும்பக் கேட்டபோது, 2012இல் கீழ் நீதிமன்றமும் 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்தக் கையெழுத்தைக் காட்டிக் கோரிக்கையைத் தள்ளின.